வீட்டுக்கு அனுப்பிய நோயாளி திரும்பி வருவாரா? அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

காஷுவாலிட்டியில், அதாவது அவசரப் பிரிவில், டியூட்டி பார்க்கும் யாருக்கும் பிடிக்காத வாக்கியம் ஒன்று உண்டு. “முந்தாநேத்து நீங்க பார்த்து அனுப்பின பேஷன்ட் திரும்ப வந்திருக்கார்.” வந்தவர் ஸ்ட்ரெச்சரில் வந்தாரா, நடந்து வந்தாரா என்பதைப் பொறுத்து அந்த வாக்கியத்தின் கனம் மாறும். நடந்து வந்தால் ஒரு மருந்துச் சீட்டோடு முடிந்துவிடும். ஸ்ட்ரெச்சரில் வந்தால் பழைய ஓ.பி. சீட்டை எல்லோரும் தேடுவார்கள்.

அப்படித் திரும்பி வரக்கூடியவரை அனுப்புவதற்கு முன்பே கண்டுபிடிக்க முடியுமா? ஓரளவு முடியும். அதை எப்படிச் செய்வது என்பதைத்தான் படிப்படியாக எழுதுகிறேன். டியூட்டி டாக்டர்கள், ஸ்டாஃப் நர்ஸ்கள், சின்ன, நடுத்தர மருத்துவமனைகளில் தரக் கண்காணிப்பைத் தலையில் கட்டிக்கொண்டவர்கள் ஆகியோரை மனத்தில் வைத்து எழுதியது. நோயாளியின் வீட்டாரும் படிக்கலாம், குறிப்பாக வீட்டு நிலைமை பற்றிய ஆறாவது படியை.

இதில் என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலான மருத்துவமனைகள் இந்த ஆபத்தை நோயாளி உள்ளே நுழையும்போது, ட்ரையாஜ் மேசையில் (யாரை முதலில் பார்ப்பது என்று தரம் பிரிக்கும் இடத்தில்) அளக்கப் பார்க்கின்றன. அது தவறான இடம். சரியான நேரம் வீட்டுக்கு அனுப்புவதற்கு முந்தைய பத்து நிமிடம். அப்போது கேட்க வேண்டியவை மூன்றே கேள்விகள். நோய் தன்னை முழுசாகக் காட்டிவிட்டதா? உடம்பு நிலைக்கு வந்துவிட்டதா? இந்த நோயாளியை அவர் வீடு தாங்குமா? ஸ்கோர்கள், படிவங்கள், கம்ப்யூட்டர் எச்சரிக்கைகள் எல்லாம் இந்த மூன்றுக்கும் உதவியாட்கள்தான்.

படி 1: எந்தத் திரும்பி வருதலைத் தேடுகிறீர்கள் என்று முடிவு செய்யுங்கள்

உலகம் முழுக்க அதிகம் பயன்படும் அளவுகோல் 72 மணி நேரம். அதற்குள் திரும்பி வந்தால் முதல் வருகையோடு தொடர்பு இருக்க வாய்ப்பு அதிகம் என்பது கணக்கு. முதியோருக்கும் நாள்பட்ட நோயாளிகளுக்கும் 7 நாள், 30 நாள் என்றும் பார்ப்பார்கள். ஒன்றைத் தேர்ந்தெடுத்து அதிலேயே நில்லுங்கள். மாதத்துக்கு ஒரு வரையறை வைத்தால் எதையும் ஒப்பிட முடியாது.

அதைவிட முக்கியம், திரும்பி வருதல் எல்லாம் ஒரே ஜாதி கிடையாது என்பது. தையல் பிரிக்க, கட்டு மாற்ற, மறுநாள் ரத்தப் பரிசோதனைக்கு நாமே வரச் சொன்னவர் ஒரு வகை. அவரைக் கணக்கிலேயே சேர்க்கக் கூடாது. சிறுநீரகக் கல் வலி திரும்ப வந்ததால் வந்தவர் இன்னொரு வகை. அந்த நோயின் குணமே அது. கண்டுபிடிக்காமல் விட்டது, அரைகுறையாகச் சிகிச்சை செய்தது மூன்றாவது வகை. மருந்து வாங்கப் பணமில்லை, பார்த்துக்கொள்ள ஆளில்லை, சொன்னது புரியவில்லை என்பதால் வந்தவர் நான்காவது வகை. நாம் தேட வேண்டியது கடைசி இரண்டையும்தான். அதிலும் திரும்பி வந்து அட்மிஷன் ஆனவர், ஐ.சி.யூ.வுக்குப் போனவர், இறந்தவர் ஆகியோரைத் தனியாக எடுத்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. திரும்பி வருதல் விகிதத்தை டாக்டர்களை மதிப்பிடும் மதிப்பெண்ணாக ஆக்காதீர்கள். 2016இல் ஜாமா என்ற மருத்துவ இதழில் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு, திரும்பி வந்து அட்மிஷன் ஆனவர்களை, முதல் வருகையிலேயே அட்மிஷன் ஆனவர்களோடு ஒப்பிட்டது. திரும்பி வந்தவர்களிடையே இறப்பும் ஐ.சி.யூ. தேவையும் அதிகமாக இல்லை, குறைவாகவே இருந்தன. அதாவது திரும்பி வந்ததே சிகிச்சை மோசம் என்பதற்குச் சாட்சி ஆகாது. “மோசமானால் உடனே வாங்க” என்று நாம் சொன்னதைக் கேட்டு ஒருவர் வந்திருக்கிறார் என்றால் அங்கே ஏதோ ஒன்று சரியாகவே நடந்திருக்கிறது. எண்ணிக்கைக்காகத் திட்டு விழும் இடத்தில் இரண்டுதான் நடக்கும்: எல்லோரையும் அட்மிஷன் போடுவார்கள், அல்லது திரும்பி வரச் சொல்வதை நிறுத்திவிடுவார்கள்.

படி 2: ஸ்கோர்களைத் தெரிந்துகொள்ளுங்கள், அவற்றின் எல்லையையும் சேர்த்து

முதியோருக்கு அதிகம் பேசப்படுவது ஐசார் என்ற ஆறு கேள்விப் பட்டியல். கனடாவின் மான்ட்ரியாலில் உருவாகி 1999இல் வெளியானது. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கானது. இந்த நோய் வருவதற்கு முன்பே அன்றாட வேலைக்கு ஒருவர் துணை தேவைப்பட்டதா, நோய் வந்த பின் கூடுதல் துணை தேவைப்படுகிறதா, கடந்த 6 மாதத்தில் ஓர் இரவாவது மருத்துவமனையில் தங்கினாரா, பார்வை நன்றாக இருக்கிறதா, ஞாபக சக்தியில் பெரிய பிரச்சினை உண்டா, தினமும் மூன்றுக்கு மேற்பட்ட வகை மருந்து சாப்பிடுகிறாரா. இரண்டோ அதற்கு மேலோ பாதகமான பதில் வந்தால் ஆபத்து அதிகம் என்று கொள்வார்கள்.

நம் ஊரில் இதைக் கேட்கும்போது ஒரு சிக்கல். “துணை தேவைப்பட்டதா?” என்றால் முக்கால்வாசிப் பேர் “இல்லீங்க, நல்லாதான் இருந்தாங்க” என்பார்கள். மருமகள் மாத்திரை எடுத்துக் கொடுப்பதும் மகன் குளிக்க வைப்பதும் குடும்பக் கணக்கில் ‘துணை’ ஆகாது. அதனால் கேள்வியை மாற்றுங்கள். “பாட்டிக்கு மாத்திரை யார் எடுத்துக் குடுப்பாங்க? பாத்ரூமுக்குத் தனியாப் போவாங்களா?” என்று கேட்டால் உண்மை வரும்.

லேஸ் என்பது இன்னொன்று. கனடாவின் ஒன்டாரியோவில் உருவாகி 2010இல் வெளியானது. வார்டில் தங்கிய நாட்கள், அவசரமாக அட்மிஷன் ஆனாரா என்பது, கூட இருக்கும் நோய்கள், முந்தைய 6 மாதத்தில் அவசரப் பிரிவுக்கு வந்த தடவைகள் ஆகிய நான்கையும் கூட்டி 0 முதல் 19 வரை எண் தரும். 10ஐத் தொட்டால் ஆபத்து அதிகம் என்பது வழக்கம். ஆனால் இது வார்டிலிருந்து டிஸ்சார்ஜ் ஆகிறவர்களுக்காகச் செய்தது. காஷுவாலிட்டியிலிருந்து நேராக வீட்டுக்குப் போகிறவர்மேல் இதை அப்படியே போட்டுப் பார்ப்பது பொருந்தாது. அதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: கடந்த ஆறு மாதத்தில் எத்தனை தடவை வந்தார் என்ற கேள்வி. எந்த ஊரில் ஆய்வு செய்தாலும், எந்தக் கணினி மாதிரியைப் போட்டாலும், முன்பு அடிக்கடி வந்தவர் மறுபடியும் வருவார் என்பது திரும்பத் திரும்பத் தெரிய வருகிறது.

ஸ்கோரை ஏன் முழுசாக நம்பக் கூடாது என்பதற்கு ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆயிரம் பேரை வீட்டுக்கு அனுப்புகிறீர்கள், 50 பேர் திரும்பி வருவார்கள் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஸ்கோர் அந்த 50 பேரில் 60 சதவீதத்தைப் பிடிக்கும், வராத 950 பேரில் 80 சதவீதத்தைச் சரியாக விட்டுவிடும் என்றும் கொள்வோம். நல்ல ஸ்கோர்தான். அது 30 பேரைப் பிடிக்கும். கூடவே வரப்போகாத 190 பேர்மேலும் சிவப்புக் குறி போடும். ஆக 220 பேரில் 30 பேர்தான் நிஜம், ஏழு பேருக்கு ஒருவர். மீதி 20 பேர் பச்சைக் குறியோடு வாசலைத் தாண்டிப் போய்விட்டார்கள். 220 பேரையும் அட்மிஷன் போட உங்களிடம் கட்டில் இருக்காது. எனவே சிவப்புக் குறிக்கு ‘இவரை இன்னும் ஐந்து நிமிடம் பார்’ என்று மட்டும் அர்த்தம் வையுங்கள். பச்சைக் குறிக்கு எந்த அர்த்தமும் வைக்காதீர்கள்.

படி 3: சீட்டு போடும்போதே மூன்று விஷயத்தைக் குறித்துவிடுங்கள்

இது சின்னப் படி. முந்தைய 72 மணி நேரத்தில் எங்காவது, எந்த மருத்துவமனையிலாவது, ஊர் டாக்டரிடமாவது, இதே தொல்லைக்குக் காட்டினாரா? கடந்த 6 மாதத்தில் எத்தனை முறை அவசரப் பிரிவுக்குப் போனார்? தொடர்ந்து எடுக்கும் மருந்து என்ன, குறிப்பாக ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை, சர்க்கரை மாத்திரை, ஸ்டீராய்டு?

முதல் கேள்விக்கு ‘ஆமாம்’ என்றால் அந்தச் சீட்டின் மூலையில் பெரிதாக எழுதுங்கள். இரண்டாம் முறை வந்தவரை முதல் முறை பார்த்தவரின் கண்ணாடி வழியே பார்ப்பதுதான் மிகப் பெரிய பொறி. “கேஸ்ட்ரைடிஸ்னு (இரைப்பை அழற்சி) அவங்க எழுதியிருக்காங்க” என்று தொடங்கினால் நாமும் அங்கேயேதான் போய் நிற்போம். பழைய சீட்டை வாங்கி ஓரமாக வைத்துவிட்டுப் புதிதாகப் பரிசோதித்துவிட்டு, பிறகு அதைப் படியுங்கள். மூன்றாம் முறை வந்தால் சீனியரைக் கூப்பிடாமல் அனுப்புவதில்லை என்று எழுதாத சட்டமாகவே வைத்துக்கொள்ளலாம்.

படி 4: நோயின் கடிகாரத்தைப் பாருங்கள்

வழிகாட்டியின் மையம் இதுதான். நிறையப் பேர் திரும்பி வருவது, நாம் பார்த்த நேரத்தில் நோய் அதன் பாதி வழியில் இருந்ததால். பரிசோதனை, ரத்தம், ஸ்கேன் எல்லாம் அந்த மணிக்கு நார்மல்தான். சில நோய்களுக்கு அந்தக் கடிகாரம் நமக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும் அனுப்பிவிடுகிறோம்.

டெங்குவையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழைக் காலத்து வார்டுகளைப் பார்த்தவர்களுக்கு விளக்கமே தேவையில்லை. காய்ச்சல் தொடங்கி 3 முதல் 7 நாளுக்குள், காய்ச்சல் இறங்கும் தறுவாயில்தான் ஆபத்துக் கட்டம் தொடங்கும். 24 முதல் 48 மணி நேரம் நீடிக்கும். ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழுவது அப்போதுதான். குடும்பமோ “காய்ச்சல் விட்டுடுச்சு” என்று நிம்மதி அடைகிற நேரமும் அதுவே. மூன்றாம் நாளில் வந்தவருக்குத் தட்டணு (பிளேட்லெட்) நார்மல் என்பது நாளைக்கான உத்தரவாதம் ஆகாது. வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ ரத்தம், சோர்ந்து கிடத்தல், ஹீமட்டோக்ரிட் (ரத்தத்தில் சிவப்பணுக்களின் பங்கு) ஏறியபடியே தட்டணு வேகமாக விழுதல் ஆகிய எச்சரிக்கைக் குறிகளில் ஒன்று இருந்தாலும் உள்ளே வையுங்கள். எதுவும் இல்லாதவரையும், காய்ச்சல் விட்டு 48 மணி நேரம் கடக்கும்வரை தினமும் வரச் சொல்லுங்கள். அந்த வருகையை நாமே திட்டமிட்டுவிட்டால் அது ‘திரும்பி வருதல்’ கணக்கில் சேராது என்பது கூடுதல் லாபம்.

சர்க்கரை இறங்கி மயங்கி வந்த முதியவர் அடுத்தது. குளுக்கோஸ் ஏற்றியதும் கண் விழிக்கிறார், பேரன் பேரைச் சொல்கிறார், வீட்டார் கைகூப்புகிறார்கள், ஒரு மணி நேரத்தில் அனுப்பிவிடுகிறோம். அவர் சாப்பிட்டது கிளிபென்கிளமைடு, கிளிமிபிரைடு வகைச் சர்க்கரை மாத்திரை என்றால் நாம் ஏற்றிய குளுக்கோஸ் தீர்ந்த பிறகும் மாத்திரை வேலை செய்துகொண்டே இருக்கும். சிறுநீரகமும் பழுதாக இருந்தால் இன்னும் நீளும். நள்ளிரவில் மறுபடி மயங்குவார், அப்போது பக்கத்தில் யாரும் விழித்திருக்க மாட்டார்கள். இவரை ஒரு நாள் முழுக்க வைத்துச் சர்க்கரை பார்க்க வேண்டும். இதில் விவாதத்துக்கே இடம் இல்லை என்பது என் கருத்து.

விஷக் கேஸ்களில் கடிகாரம் இன்னும் கொடூரமானது. எலி பேஸ்ட்டில் இருக்கும் மஞ்சள் பாஸ்பரஸ் முதல் நாள் வாந்தி, வயிற்று எரிச்சலோடு சரி. அப்புறம் ஓரிரு நாள் ஆள் நன்றாகவே இருப்பார், சாப்பிடுவார், சிரிப்பார். அதற்குப் பிறகுதான் மஞ்சள் காமாலை, ரத்தக் கசிவு, கல்லீரல் செயலிழப்பு. அந்த இடைவெளியில் ‘நார்மல்’ என்று அனுப்பப்பட்டவர் திரும்பி வரும்போது நம்மால் செய்ய முடிந்தது குறைவு. கொஞ்சம்தான் சாப்பிட்டேன் என்று சொன்னாலும் குறைந்தது மூன்று நாள் கல்லீரல் பரிசோதனையும் ஐ.என்.ஆரும் (ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் சோதனை) பார்த்துவிட்டே முடிவு. பாரசிட்டமால் அதிகமாகச் சாப்பிட்டவர் கதையும் இதே மாதிரிதான். அரளி விதைக்கு இதயத் துடிப்பு தாமதமாகவும் குழம்பலாம்.

கட்டு விரியன் கடியும் இதே பட்டியலில் வரும். தரையில் படுத்துத் தூங்குகிறவரை ராத்திரியில் கடிக்கும். பல் பட்ட தடமே சில நேரம் தெரியாது, வீக்கம் இருக்காது. விடிகாலையில் வயிற்று வலி என்று மட்டும் வருவார். கண்ணிமை தொங்குவதும் மூச்சுத் திணறுவதும் சில மணி நேரம் கழித்து வரும். பாம்புக் கடி சந்தேகம் என்றால் 24 மணி நேரக் கண்காணிப்பு என்ற விதி இதற்காகத்தான்.

குடியும் தலைக் காயமும் சேர்ந்து வரும் கேஸில் இரண்டு கடிகாரம் ஓடும். போதையில் இருப்பதாக நினைத்தவருக்கு உள்ளே ரத்தக் கசிவு இருக்கலாம். தெளியும்வரை அனுப்பக் கூடாது. தினமும் குடிக்கிறவர் என்றால், நிறுத்திய முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு, 48 முதல் 72 மணி நேரத்துக்குள் உளறலும் நடுக்கமும் வரக்கூடும். கால் உடைந்து கட்டுப் போட்டு வீட்டுக்குப் போனவர் மூன்றாம் நாள் வேறொரு ஆளாகத் திரும்பி வருவது இதனால்தான். கடைசியாக எப்போது குடித்தீர்கள் என்று கேட்டு, சீட்டில் மணியோடு எழுதுங்கள்.

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நெஞ்சு வலிக்கு ஒரே ஒரு ட்ரோபோனின் (இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்து, அதுவும் வலி தொடங்கிய ஒரு மணி நேரத்துக்குள் எடுத்து, நார்மல் என்று அனுப்பக் கூடாது. திரும்ப எடுக்க வேண்டும். நெஞ்சு வலியின் ஆபத்தை அளக்கும் ஹார்ட் ஸ்கோர் 0 முதல் 3க்குள், அதாவது ஆபத்து குறைவு என்ற அளவில், இருக்கிறதா பார்க்க வேண்டும். ஐம்பதைத் தாண்டியவர், சர்க்கரை நோயாளி “கேஸ் டிரபிள்” என்று வந்தால் முதலில் இ.சி.ஜி. தற்காலிகப் பக்கவாதம் ஒரு மணி நேரத்தில் சரியாகிவிட்டது என்றால் நிஜப் பக்கவாதம் வரும் ஆபத்து அடுத்த 48 மணி நேரத்தில்தான் மிக அதிகம். தலைசுற்றலுக்கு ஊசி போட்ட பிறகும் பிடிமானமில்லாமல் நிற்க, நடக்க முடியாதவருக்குச் சிறுமூளைப் பக்கவாதம் இல்லை என்று நிரூபிக்கும்வரை வீடு கிடையாது. ஆஸ்துமாவுக்கு நெபுலைசர் மட்டும் வைத்து, ஸ்டீராய்டு மாத்திரையும் இன்ஹேலரும் எழுதாமல் அனுப்பினால் அவர் அதே வாரம் திரும்பி வருவார், அதில் அதிசயம் இல்லை. பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் தலைவலி என்று வரும் பெண்ணுக்கு ரத்த அழுத்தம் பார்க்காமல் மாத்திரை எழுதக் கூடாது. மூன்று மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ் காய்ச்சல் என்றால் அதற்குத் தனி நடைமுறை உண்டு. குழந்தை சிரித்தாலும் சரி.

வயிற்று வலிக்கு மட்டும் ஒரு தனி வழக்கம் சொல்கிறேன். காரணம் பிடிபடாத வயிற்று வலிக்கு ‘கேஸ்ட்ரைடிஸ்’ என்று எழுதாதீர்கள். ‘காரணம் தெரியாத வயிற்று வலி, 8 முதல் 12 மணி நேரத்தில் மறுபடி பார்க்க வேண்டும்’ என்றே எழுதுங்கள். பெயர் வைத்துவிட்டால் அடுத்த டாக்டரும் குடும்பமும் தேடுவதை நிறுத்திவிடுவார்கள். ஆரம்பக் குடல்வால் அழற்சி இப்படித்தான் தப்பிப் போகிறது.

படி 5: கிளம்பும் நேரத்து உடம்பை மறுபடி அளந்து பாருங்கள்

சீட்டில் இருக்கும் நாடித் துடிப்பு பெரும்பாலும் நான்கு மணி நேரத்துக்கு முன்பு, வாசலில் எடுத்தது. கிளம்பும்போது எடுத்தது இருக்காது. நாடி, ரத்த அழுத்தம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன், உடல் வெப்பம், தெளிவு ஆகிய ஆறையும் கிளம்புவதற்கு அரை மணி நேரத்துக்குள் எடுங்கள். மூச்சு எண்ணிக்கையை ஊகித்து 18 என்று எழுதும் பழக்கம் எல்லா ஊரிலும் உண்டு. தயவு செய்து எண்ணுங்கள். பிரிட்டனில் 2012இல் வந்து 2017இல் திருத்தப்பட்ட நியூஸ் 2 என்ற, உடல்நிலை மோசமாவதை முன்கூட்டி எச்சரிக்கும் அட்டவணையில் இந்த அளவுகளைப் போட்டால் ஓர் எண் வரும். 5ஐத் தொட்டால் அவசரமாக மறுபரிசீலனை செய்ய வேண்டும். ஒரே ஓர் அளவு மட்டும் விலகியிருந்தாலும் அதற்கு ஒரு காரணத்தை எழுதாமல் அனுப்பாதீர்கள். ‘பயத்தால் நாடி 120’ என்பது காரணம் ஆகாது. பயம் தணிந்த பிறகும் 120 இருக்கிறதா என்று பாருங்கள்.

அதோடு மூன்று எளிய சோதனைகள். நடக்கச் சொல்லுங்கள்: மூச்சுத் தொல்லைக்கு வந்தவரை வராண்டாவில் ஒரு நிமிடம் நடக்கவிட்டு ஆக்சிஜனை மறுபடி பாருங்கள். குடிக்கச் சொல்லுங்கள்: வாந்திக்கு வந்தவர் ஒரு டம்ளர் ஓ.ஆர்.எஸ். குடித்து அரை மணி நேரம் உள்ளே தங்குகிறதா. பேசச் சொல்லுங்கள்: நேற்று என்ன சாப்பிட்டார் என்று வரிசையாகச் சொல்ல முடிகிறதா.

இதற்கு ஆதாரம் உண்டா என்றால், 2017இல் பி.எம்.ஜே. என்ற மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வைச் சொல்லலாம். அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு மருத்துவக் காப்பீட்டில் இருந்தவர்களில், உயிருக்குக் கெடு வைத்த நோய் எதுவும் தெரியாமல், அவசரப் பிரிவிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்டு 7 நாளுக்குள் இறந்தவர்களை எண்ணினார்கள். 0.12 சதவீதம், ஆண்டுக்குச் சுமார் 10,000 பேர். நெஞ்சு வலி என்று எழுதி அனுப்பியவர்களைவிட ஆபத்து அதிகம் இருந்தது யாருக்குத் தெரியுமா? மனத் தெளிவின்மை, மூச்சுத் திணறல், உடல் சோர்வு என்று எழுதி அனுப்பப்பட்டவர்களுக்கு. இவை நோயின் பெயர்களே இல்லை, அறிகுறிகள். “அசதியா இருக்குன்னு சொல்றாங்க” என்று நாம் பி காம்ப்ளெக்ஸ் எழுதிக் கொடுக்கும் முதியவர் இந்தக் கூட்டத்தில்தான் இருக்கிறார்.

படி 6: வீடு தாங்குமா என்று கேளுங்கள்

டாக்டர்கள் தாண்டிப் போகும் படி இது. நர்ஸ்கள் நன்றாகவே செய்வார்கள், கேட்டால்.

“வீட்ல யார் இருக்காங்க?” என்ற கேள்விக்குப் பதில் “எல்லாரும் இருக்காங்க” என்றுதான் வரும். “இன்னிக்கு ராத்திரி இவங்க பக்கத்துல யார் படுப்பாங்க?” என்று கேளுங்கள். பிள்ளைகள் சென்னையிலோ துபாயிலோ இருக்க, ஊரில் எழுபது வயதுக் கணவரும் அறுபத்தைந்து வயது மனைவியும் மட்டும் இருக்கும் வீடுகள் அப்போதுதான் வெளியே வரும். மருந்தை இப்போதே வாங்க முடியுமா, நாளை வேலைக்குப் போயே ஆக வேண்டுமா, இங்கிருந்து வீடு எவ்வளவு தூரம், ராத்திரியில் மோசமானால் எதில் வருவார்கள், கையில் ஓடுகிற போன் நம்பர் இருக்கிறதா. தினக்கூலிக்குப் போகிறவருக்கு ஒரு வாரம் ஓய்வு என்று எழுதுவது நம் திருப்திக்கு மட்டும்தான் ஆகும். திருப்பூர், கோவைப் பக்கம் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து வேலை செய்கிறவர்களுக்குத் தமிழ்ச் சீட்டு கொடுத்து அனுப்புவதும் அப்படித்தான். கூட வந்த மேஸ்திரியை மட்டும் நம்பாமல், அவர் மொழி தெரிந்தவரை ஐந்து நிமிடம் போனில் பிடியுங்கள்.

பிறகு, புரிந்ததா என்று சரிபார்த்தல். “புரிஞ்சுதா?” என்று கேட்டால் “சரிங்க சார்” என்பதைத் தவிர வேறு பதில் வந்ததே இல்லை. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், அவசரப் பிரிவிலிருந்து கிளம்பியவர்களில் 78 சதவீதத்தினருக்கு நோய், சிகிச்சை, வீட்டில் செய்ய வேண்டியது, எப்போது திரும்ப வர வேண்டும் ஆகிய நான்கில் ஒன்றாவது சரியாகப் புரியவில்லை. தனக்குப் புரியவில்லை என்று அவர்களே உணர்ந்தது, அப்படிப்பட்ட இடங்களில் ஐந்தில் ஒன்றில்தான். எனவே சொல்லச் சொல்லிக் கேளுங்கள். “அம்மா, நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கத்தான் கேக்குறேன். வீட்டுக்குப் போய் இந்த மாத்திரைய எப்படிக் குடுப்பீங்க? என்ன ஆனா இங்க தூக்கிட்டு வருவீங்க?” பழியை நம் பக்கம் போட்டுக் கேட்டால் யாரும் கூச்சப்பட மாட்டார்கள்.

படி 7: பார்க்காமல் போனவர், கையெழுத்துப் போட்டுப் போனவர், தற்கொலைக்கு முயன்றவர்

டாக்டரைப் பார்க்கும் முன்பே கூட்டத்தைப் பார்த்துக் கிளம்பியவர்களின் சீட்டுகளை ஷிப்ட் முடிவில் எடுத்துப் பாருங்கள். ட்ரையாஜில் அளவுகள் விலகியிருந்தவர்களுக்கு ஒரு போன். சொந்தப் பொறுப்பில் போகிறேன் என்று கையெழுத்துப் போட்டவரை விரோதியாக நடத்தாதீர்கள். பெரும்பாலும் காரணம் பணம், வீட்டில் குழந்தை, நாளைக்குக் கல்யாணம் போன்றவையே. கையெழுத்து வாங்கினாலும் மருந்து எழுதிக் கொடுங்கள், எப்போது வேண்டுமானாலும் திரும்பி வரலாம் என்று வாய் திறந்து சொல்லுங்கள். கோபத்தோடு அனுப்பப்பட்டவர் மோசமானாலும் திரும்பி வரமாட்டார், அதுதான் பெரிய ஆபத்து.

தற்கொலைக்கு முயன்று பிழைத்தவருக்கு உடம்பு சரியானதும் வேலை முடிந்தது என்று நினைப்பது நம் பிரிவுகளின் பழைய நோய். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து ஊர்களின் அவசரப் பிரிவுகளில் 1,867 பேரை வைத்து ஓர் ஆய்வு செய்தது. பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப் பேரிடம் கிளம்பும் முன் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினார்கள், பிறகு 18 மாதங்களில் ஒன்பது முறை போனிலோ நேரிலோ விசாரித்தார்கள். அவ்வளவுதான். 2008இல் வந்த முடிவில், தற்கொலையால் இறந்தவர்கள் வழக்கமான சிகிச்சைப் பிரிவில் 2.2 சதவீதம், விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம். இதைவிட மலிவான சிகிச்சை அவசர மருத்துவத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. மனநல உதவிக்கு 14416 என்ற டெலி மானஸ் எண்ணையும் சீட்டிலேயே எழுதிக் கொடுங்கள்.

படி 8: கண்டுபிடித்ததை ஒரு செயலோடு கட்டிப் போடுங்கள்

‘ஆபத்து அதிகம்’ என்று முத்திரை குத்திவிட்டு அதே மாதிரி அனுப்பினால் வழக்குக்கு உதவும், நோயாளிக்கு உதவாது. முதலில் சொன்ன மூன்று கேள்விகளில் எது உறுத்துகிறதோ அதற்கேற்ற செயல் தனித்தனி.

நோயின் கடிகாரம் முடியவில்லை என்றால் 6 முதல் 24 மணி நேரக் கண்காணிப்புப் படுக்கை. படுக்கை இல்லை என்றால் நேரம் குறித்த மறுவருகை. ‘தேவைப்பட்டால் வரவும்’ என்று எழுதாமல் ‘நாளை காலை 9 மணி, அறை 4, மறுபடி ரத்தம்’ என்று எழுதுங்கள். உடம்பு நிலைக்கு வரவில்லை என்றால் அட்மிஷன், இல்லையேல் இன்னொரு டாக்டரின் கண். வீடு தாங்காது என்றால் அது மருத்துவப் பிரச்சினை இல்லை என்று கைகழுவாமல், ராத்திரி மட்டுமாவது வைத்துக்கொண்டு விடிந்ததும் அனுப்பலாம். முதியவர்களை இரவு பத்து மணிக்கு மேல் அனுப்புவதில்லை என்று ஒரு வழக்கம் வைத்தாலே போதும், பாதிப் பிரச்சினை தீரும். தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வரும். அதில் பெயர் இருக்கிறதா என்று கேட்டு, இல்லையென்றால் அந்தப் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு எழுதிக் கொடுங்கள். மருந்து தீர்ந்து போனதால் மட்டுமே அழுத்தம் ஏறி வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல மருந்து நம்மிடம் இல்லை. ராத்திரி சந்தேகம் கேட்க 104, தூக்கிவர 108. இரண்டையும் பெரிய எழுத்தில் சீட்டில் அச்சடித்துவிடலாம்.

திரும்பி வர வேண்டிய அறிகுறிகளை ஐந்துக்குள் வையுங்கள், எண்ணிப் பார்க்கிற மாதிரி எழுதுங்கள். ‘நிலைமை மோசமானால்’ என்பது யாருக்கும் உதவாது. ‘ஆறு மணி நேரம் சிறுநீர் போகவில்லை’, ‘மூன்று தடவைக்கு மேல் வாந்தி’, ‘எழுப்பினால் கண் திறக்கவில்லை’ என்று எழுதினால் பாட்டிக்கும் புரியும்.

படி 9: உங்கள் பிரிவின் கணக்கை நீங்களே எழுதுங்கள்

வெளிநாட்டு ஸ்கோர் உங்கள் ஊருக்கு எவ்வளவு பொருந்தும் என்பது உங்கள் நோட்டில்தான் தெரியும். பெரிய மென்பொருள் தேவையில்லை. தினமும் காலையில் ஒரு நர்ஸ், முந்தைய நாள் வந்தவர்களில் ‘72 மணி நேரத்துக்குள் முன்பு எங்காவது காட்டியவர்’ என்று குறித்த சீட்டுகளைத் தனியே எடுத்து ஒரு வரி எழுதினால் போதும்: முதல் முறை என்ன எழுதினோம், இரண்டாம் முறை என்ன, அட்மிஷனா, கிளம்பும்போது நாடி என்ன, எந்த ஷிப்ட்.

ஒரே ஆளை அடையாளம் காண்பதுதான் சள்ளை. முருகன், 45, ஆண் என்று ஒரு மாதத்தில் எத்தனை பேர் வருவார்கள்! போன் நம்பர், தகப்பனார் பெயர், ஊர் மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். அப்படியும் ஒரு பங்கு கைநழுவும், ஏனென்றால் நம்மிடம் சரியாகாதவர் அடுத்த முறை வேறு மருத்துவமனைக்குப் போய்விடுவார். அமெரிக்காவில் சில மாநிலங்களின் தரவை வைத்து 2015இல் வந்த ஆய்வில் மூன்று நாளுக்குள் திரும்பி வந்தவர்கள் 8.2 சதவீதம், அவர்களில் 32 சதவீதம் பேர் போனது வேறொரு மருத்துவமனைக்கு. ஒரே தெருவில் நான்கு நர்சிங் ஹோம் இருக்கும் நம் ஊர்களில் இது குறைவாக இருக்கும் என்று நினைக்க எந்தக் காரணமும் இல்லை. ‘எங்களிடம் திரும்பி வருகிறவர்களே இல்லை’ என்று பெருமைப்படும் மருத்துவமனை இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே சிவப்புக் குறி போட்டவர்களுக்கு மறுநாளோ மூன்றாம் நாளோ ஒரு போன் செய்யுங்கள். நர்ஸே பேசலாம். “எப்படி இருக்கார், மருந்து வாங்கினீங்களா, சாப்பிடுறாரா, வேற எங்கயாவது காட்டினீங்களா?” நான்கு கேள்வி, இரண்டு நிமிடம். கடைசிக் கேள்விக்கு வரும் பதில்தான் உங்கள் உண்மையான விகிதத்தைச் சொல்லும்.

மாதம் ஒருமுறை, திரும்பி வந்து அட்மிஷன் ஆனவர்களின் சீட்டுகளை மட்டும் எடுத்து உட்காருங்கள். டாக்டர் பெயரை மறைத்துவிட்டுப் படியுங்கள். நோயின் கடிகாரமா, உடம்பா, வீடா என்று ஒவ்வொன்றையும் பிரியுங்கள். மூன்று நான்கு மாதத்தில் உங்கள் ஊரின் சொந்தப் பட்டியல் கையில் வந்துவிடும். அது ஒரு மருத்துவமனையில் ஆஸ்துமாவாக இருக்கும், இன்னொன்றில் ராத்திரி ஷிப்டில் அனுப்பிய வயிற்று வலியாக இருக்கும். அதில் முதல் இரண்டை மட்டும் எடுத்து நடைமுறையை மாற்றுங்கள், அடுத்த மூன்று மாதம் அதே நோட்டில் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் மாற்றப் புறப்பட்டால் ஸ்டாஃப் நர்ஸ்கள் மூன்றாவது வாரத்திலேயே படிவம் நிரப்புவதை விட்டுவிடுவார்கள்.